வாசல் முதலா, பிழை முதலா: பெருங்குடல் புற்றின் இரண்டு குடும்பவழிகள்

உட்சவ்வில் சிறு சதைமுளைகளாக ஆயிரம் பாலிப்புகள் முளைத்த ஒரு பெருங்குடலும், இரண்டு மூன்று பாலிப்புகளே உள்ள இன்னொரு பெருங்குடலும் ஏறக்குறைய ஒரே வயதில் புற்றுநோயில் போய் முடிகின்றன. முதலாவது குடும்பவழிப் பாலிப் பெருக்க நோய். மருத்துவ வழக்கில் எஃப்.ஏ.பி. இரண்டாவது லிஞ்ச் நோய். அறுவை செய்யாமல் விட்டால் எஃப்.ஏ.பி. உள்ளவருக்குச் சராசரியாக 39 வயதில் புற்று தோன்றிவிடுகிறது. லிஞ்ச் குடும்பங்களின் பழைய பதிவேடுகளில் அந்த வயது 45 அளவில் இருக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் அறுபதைக் கடந்த பிறகே வருகிறது. பாலிப்தான் புற்றின் முன்வடிவம் என்றால், ஆயிரத்துக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கே கரைந்து போயிற்று?

இக்கேள்விக்கு 1990-களில் ஒரு விடை கிடைத்தது. கணக்குப்போல் நேர்த்தியான விடை. பாடநூல்களில் இன்றும் அதுவே நிற்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அந்த நேர்த்தியை ஓரிடத்தில் குலைத்தன. அதற்கு ஈடாக, யாரும் எதிர்பாராத ஓர் உறவை இரு நோய்களுக்கும் நடுவே காட்டின. அந்த உறவே இங்கு நம் அக்கறை. ஆனாலும் வேற்றுமையிலிருந்து தொடங்குவதே முறை.

இரண்டுமே நுண்ணோக்கிக்கு வருமுன் குடும்ப வரைபடங்களில் தென்பட்டவை. லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை அறுவை மருத்துவர் லாக்ஹார்ட்-மம்மரி 1925-இல் மூன்று பாலிப் குடும்பங்களை விவரித்தார். அதே மருத்துவமனையின் நோயியலாளர் கத்பர்ட் டியூக்ஸ் அந்தக் குடும்பங்களுக்கெனப் பதிவேடு ஒன்றை வளர்த்தார். அவருடைய ஆய்வகத்தில் இளம் உதவியாளராகச் சேர்ந்த பஸ்ஸி, தம் வாழ்நாள் உழைப்பை அந்தப் பதிவேட்டுக்கே கொடுத்து 1975-இல் அதை நூலாக்கினார். லிஞ்ச் நோயின் தொடக்கம் அதற்கும் முந்தையது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில், நோயியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் தன் அச்சத்தைச் சொன்னார்: எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், எனக்கும் அதுதான். அவர் சொன்னபடியே இளவயதில் கருப்பைப் புற்றில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தை 'ஜி குடும்பம்' என்று பெயரிட்டு 1913-இல் வெளியிட்டார்.

தொடக்கம் ஒன்றுபோல் இருந்தாலும், இரண்டுக்கும் கிடைத்த வரவேற்பு வேறு. லண்டனில் வெட்டியெடுத்த குடலை விரித்து வைத்தால் நோய் கண்ணெதிரே கிடந்தது; கம்பளம் விரித்ததுபோல் பாலிப்புகள். பரம்பரை நோய் என்பதை யாரும் மறுக்கவில்லை. மிச்சிகனில் விரித்துக் காட்ட எதுவும் இல்லை. புற்று வரும்வரை அந்தக் குடல் பார்வைக்குச் சாதாரணக் குடல். அதனால் 1960-களில் அமெரிக்காவின் ஒமாஹாவில் மருத்துவர் ஹென்றி லிஞ்ச் மீண்டும் இதே கோலத்தைக் கண்டு 1966-இல் இரண்டு குடும்பங்களை வெளியிட்டபோது, ஒரே வீட்டில் ஒரே உணவை உண்டதன் விளைவு என்று பலர் ஒதுக்கினர். வார்தினின் ஜி குடும்பத்தையே தேடிப்பிடித்து அதன் அடுத்த தலைமுறைகளை 1971-இல் லிஞ்ச் பதிவு செய்தார். அப்போதும் ஐயம் தீரவில்லை. பார்க்கக்கூடிய அடையாளம் இருந்த நோய் அரை நூற்றாண்டு முன்னால் நம்பப்பட்டது. அடையாளம் இல்லாத நோய் மூலக்கூறு உயிரியல் வரும்வரை காத்திருந்தது. தையல் வேலை செய்த அந்தப் பெண்ணின் சொல்லை அறிவியல் ஏற்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

மரபணுவைக் கண்டுபிடித்த விதத்திலும் இதே எதிர்நிலை. எஃப்.ஏ.பி.க்கு வழிகாட்டியது ஓர் இழப்பு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பாலிப் நோயுள்ள ஒருவரின் 5-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருப்பதை 1986-இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ், அமெரிக்கக் குழுக்கள் குடும்பங்களின் மரபைத் தொடர்ந்து அதே இடத்துக்கு வந்தன. 1991-இல் ஏ.பி.சி. மரபணு கைக்குக் கிடைத்தது. லிஞ்ச் நோய்க்கு வழிகாட்டியதோ ஒரு மிகை. ஃபின்லாந்து ஆய்வாளர்களும் பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டீன் குழுவும் 2-ஆம் குரோமோசோமில் தொடர்பைக் கண்டபின், கட்டிகளில் அந்தப் பகுதி தொலைந்திருக்கும் என்று எதிர்பார்த்துச் சோதித்தார்கள். டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் கோடுகள் குறையவில்லை. இருக்கக் கூடாத புதிய கோடுகள் கூடியிருந்தன. டி.என்.ஏ.வில் ஓரிரு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களின் நீளம், கட்டியில் கண்டபடி மாறிப்போயிருந்தது. 1993-ஆம் ஆண்டுக்குள் மூன்று குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன.

அதே ஆண்டு செப்டம்பரில் வட கரோலினாவில் தாமஸ் பீட்டஸ் குழு ஈஸ்ட்டில் செய்த சோதனை வெளிவந்தது. டி.என்.ஏ. படியெடுக்கும்போது நேரும் பொருந்தாப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களை முடக்கினால், அத்தகைய தொடர்கள் நூறு முதல் எழுநூறு மடங்கு வரை நிலைகுலைகின்றன என்று அது காட்டியது. குடலே இல்லாத ஓர் உயிரி குடல் நோயின் காரணத்தைச் சொல்லிவிட்டது. லிஞ்ச் குடும்பங்களில் கெட்டிருந்த திருத்த மரபணுக்களும் அடுத்தடுத்துக் கிடைத்தன: டிசம்பரில் எம்.எஸ்.எச்.2, 1994 மார்ச்சில் எம்.எல்.எச்.1. ஜி குடும்பத்தின் பிறழ்வு எம்.எஸ்.எச்.2-இல் இருப்பது பின்னாளில் உறுதியாயிற்று. பாக்டீரியாவில் இந்தத் திருத்தப் பொறியைப் பல ஆண்டுகளாகப் பிரித்து ஆராய்ந்துவந்த பால் மாட்ரிச் 2015-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி முன்பு சொன்ன நேர்த்தியான விடை. ஏ.பி.சி. புரதம் குடலின் செல்களில் பீட்டா-கட்டெனின் என்னும் இன்னொரு புரதத்தைச் சிதைக்கும் கூட்டத்தில் இடம்பெறுகிறது. ஏ.பி.சி. போனால் பீட்டா-கட்டெனின் தேங்குகிறது, 'பெருகு' என்ற கட்டளை நிற்காமல் ஓடுகிறது, பாலிப் முளைக்கிறது. எஃப்.ஏ.பி. உள்ளவருக்கு ஒவ்வொரு செல்லிலும் இம்மரபணுவின் இரு படிகளில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருக்கிறது; மற்றொன்று எங்கே கெடுகிறதோ அங்கெல்லாம் ஒரு பாலிப். லிஞ்ச் நோயிலும் இதே இரண்டடி விதிதான். பிறவியில் ஒரு படி போய்விட்டது, மற்றது எந்தச் செல்லில் போகிறதோ அங்கே பிழைதிருத்தம் நின்றுவிடுகிறது. இரண்டும் குடும்பத்தில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்னும் ஓங்கு மரபு. இரண்டுமே செல்லுக்குள் இரு படியும் கெட்டால்தான் வினைபுரியும் ஒடுங்கு மரபு. இவ்வளவு தூரம் இரண்டும் இரட்டையர்.

பிரிவு இதன்பின் வருகிறது. எஃப்.ஏ.பி.யில் பாலிப்புகள் கணக்கற்றவை. ஆனால் தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் மற்றவர் குடலில் வரும் பாலிப்பைப்போலவே மெதுவாகத்தான் நகர்கிறது. கே-ராஸ், பி53 போன்ற மரபணுக்களின் அடுத்த பிறழ்வுகளுக்கு அது பல ஆண்டு காத்திருக்கிறது. ஆயிரத்தில் ஏதோ ஒன்று முந்திக்கொள்கிறது என்பதால்தான் 39 வயது. லிஞ்ச் நோயில் பாலிப்புகள் மற்றவர்களுக்கு வருவதைவிட மிக அதிகமில்லை. ஆனால் வந்த பாலிப் பத்தாண்டுப் பயணத்தை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடுகிறது. வோகல்ஸ்டீனும் அவருடைய சக ஆய்வாளர் கின்ஸ்லரும் 1996-இல் இதைத் தெளிவாக வகுத்தார்கள்: ஒன்று கட்டி தொடங்கும் கட்டத்தின் நோய், மற்றது கட்டி முன்னேறும் கட்டத்தின் நோய். ஏ.பி.சி.யை வாயிற்காப்போன் என்றும், பிழைதிருத்தும் மரபணுக்களைப் பராமரிப்போர் என்றும் மறு ஆண்டு அவர்கள் வைத்த பெயர்கள் நிலைத்துவிட்டன. எண்ணிக்கை ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம். பெருக்கினால் ஒரே விடை. ஆயிரத்துக்கும் இரண்டுக்கும் இருந்த வேறுபாடு இப்படித்தான் கரைந்தது.

வேகம் என்று சொன்னதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரே எழுத்தை நாற்பது முறை எழுதியிருக்கும் வரியைக் கையால் படியெடுத்தால், எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும். செல்லின் படியெடுக்கும் நொதிக்கும் அதே தடுமாற்றம் உண்டு. வழக்கமாகத் திருத்தும் புரதங்கள் அதைப் பிடித்துவிடும். லிஞ்ச் கட்டியில் பிடிக்க ஆளில்லை. மரபணுக்களின் நடுவே இத்தகைய ஓரெழுத்துத் தொடர்கள் எங்கெல்லாம் உள்ளனவோ அங்கெல்லாம் வழுக்கல் நேர்கிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் வளர்ச்சித் தடைச் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் பத்து அடினின் ('ஏ') எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்று விழுந்தால் அதன்பின் வாசிப்பே குலைந்து ஏற்பி உருவாகாமல் போகிறது. 1995-இல் கண்டறிந்தபடி, இவ்வகைக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இதே இடம்தான் உடைந்திருக்கிறது. செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் பாக்ஸ் மரபணுவில் எட்டு குவானின் ('ஜி') எழுத்துகள். அதுவும் அடிக்கடி வழுக்குகிறது.

எஃப்.ஏ.பி. வழியின் கட்டிகளில் இந்த எழுத்துப்பிழை மழை இல்லை. அவை குரோமோசோம்களை முழுமுழுத் துண்டுகளாக இழக்கின்றன, கூட்டிக்கொள்கின்றன. லிஞ்ச் கட்டியின் குரோமோசோம்களோ எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. ஒன்றில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து பெரும்பாலும் சரி; மற்றதில் பக்கங்கள் முழுதாக உள்ளன, எழுத்துதான் பிழை மயம். இரண்டு குலைவும் ஒரே கட்டியில் சேர்ந்து வருவது அரிது என்று 1997-இல் ஆய்வாளர் லெங்கவர் காட்டினார். ஏதாவது ஒரு குலைவு போதும். இரண்டும் சேர்ந்தால் செல்லுக்கே தாங்காது என்பது நியாயமான ஊகம்.

இந்த இரண்டு அரிய நோய்கள் இவ்வளவு கவனத்துக்கு உரியவை ஆனதற்குக் காரணம் உண்டு. பெருங்குடல் புற்றுகளில் எஃப்.ஏ.பி.யின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. லிஞ்சின் பங்கு மூன்றளவு. ஆனால் குடும்ப வரலாறே இல்லாத நோயாளிகளின் கட்டிகளிலும் இதே இரு பாதைகள்தாம். அவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில் ஏ.பி.சி. உடைந்திருக்கிறது. எல்லாப் பெருங்குடல் புற்றுகளிலும் 15 விழுக்காடு பிழைதிருத்தம் நின்றவை. இந்த இரண்டாம் வகையில் பெரும்பகுதி பரம்பரையால் வந்ததன்று, முதுமையில் எம்.எல்.எச்.1 மரபணுவின் முகப்பில் வேதிப்பூட்டு விழுந்து அது ஊமையாகிவிடுவதால் வருவது. அரிய குடும்பங்கள் இல்லாமல் பொதுவான நோயின் வரைபடத்தை வரைந்திருக்க முடியாது.

இதுவரை எதிர்நிலைகள். இனி அந்த நேர்த்தி தளரும் இடம்.

முதல் சாட்சி 1997-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்ட ஒரு சிறு மாற்றம். அஷ்கெனாசி யூதர்களில் 6 விழுக்காட்டினருக்கு ஏ.பி.சி. மரபணுவின் 1307-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. வழக்கமான வரிசை மூன்று 'ஏ', ஒரு 'டி', மறுபடி நான்கு 'ஏ'. நடுவில் நின்ற அந்த 'டி' இவர்களிடம் 'ஏ' ஆகிவிட்டது. எட்டு 'ஏ'க்கள் இடைவெளியின்றி நிற்கின்றன. புரதத்தின் வேலை இதனால் அநேகமாகக் கெடுவதில்லை. ஆயிரம் பாலிப்புகள் வருவதுமில்லை. ஆனால் எட்டு ஒரே எழுத்து என்பது வழுக்கு நிலம். செல் பிரியும்போது அங்கே ஓர் எழுத்து கூடவோ குறையவோ வாய்ப்பு அதிகம். அப்படி நேர்ந்தால் ஏ.பி.சி. அந்தச் செல்லில் உடைகிறது. இவர்களுக்குப் பெருங்குடல் புற்றின் ஆபத்து மிதமாகக் கூடுகிறது.

இதை எந்தப் பக்கத்தில் வைப்பது? பிறழ்வு நிற்கும் இடம் எஃப்.ஏ.பி.யின் மரபணு. அது கேடு விளைவிக்கும் முறை லிஞ்ச் நோயின் வழுக்கல். வாயிற்காப்போனின் உடலிலேயே பராமரிப்பாளரின் பலவீனம் எழுதப்பட்டிருக்கிறது. இரு நோய்களையும் சுவர் எழுப்பிப் பிரித்த வகைப்பாட்டுக்கு அந்த ஒற்றை எழுத்து விளக்கம் கேட்கிறது.

இரண்டாம் சாட்சி கார்டிஃப் நகரிலிருந்து 2002-இல் வந்தது. ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தில் உடன்பிறந்தவர்கள் பலருக்குப் பாலிப்புகள் நிறைய; பார்வைக்கு எஃப்.ஏ.பி. வகை. ஆனால் பிறவி ஏ.பி.சி. அவர்களிடம் குறையின்றி இருந்தது. பாலிப்புகளுக்குள் ஏ.பி.சி.யை வாசித்தபோது ஒரு வகைப் பிறழ்வே திரும்பத் திரும்ப வந்தது: 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்த குவானினைத் திருத்தத் தவறும்போது விழும் முத்திரை அது. அந்த முத்திரையைத் தொடர்ந்து போய் மியூட்டிஒய்.எச். என்னும் திருத்த மரபணுவில் இரு படியும் கெட்டிருப்பதைக் கண்டார்கள். காரணம் பராமரிப்பாளரின் தவறு. விளைவு வாயிற்காப்போனின் வீழ்ச்சி. கண்ணுக்குத் தெரிவது பாலிப் பெருக்கம். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது கைரேகை. மூலக்கூறு உயிரியலில் இதைவிடச் சுத்தமான துப்பறிதலை நான் அதிகம் படித்ததில்லை.

மூன்றாவது, பெயர் ஒன்றுக்குள் ஒளிந்திருந்த இரண்டு. கனடாவின் கியூபெக்கில் 1959-இல் ஜாக் டர்கோ, குடல் பாலிப்புகளும் மூளைக் கட்டியும் சேர்ந்து வந்த அண்ணன் தங்கையரை விவரித்தார். அந்தச் சேர்க்கை அவர் பெயரால் வழங்கிற்று. 1995-இல் அத்தகைய குடும்பங்களை மரபணு அளவில் ஆராய்ந்தபோது அவை இரண்டாகப் பிரிந்தன. சிலவற்றில் ஏ.பி.சி. கெட்டிருந்தது, அங்கே மூளைக் கட்டி பெரும்பாலும் சிறுமூளையில் எழும் மெடுல்லோபிளாஸ்டோமா. மற்றவற்றில் பிழைதிருத்தம் கெட்டிருந்தது, அங்கே கிளியோபிளாஸ்டோமா என்னும் வேறு வகை மூளைக் கட்டி. மருத்துவர்களின் கண்ணுக்கு முப்பதாண்டுக்கு மேல் ஒன்றாகத் தெரிந்தவை இரு வேறு நோய்கள். மிக வேறானவை என்று நாம் இதுவரை பிரித்து வந்த இரண்டும் அங்கே ஒரே பெயரில் குடியிருந்திருக்கின்றன.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குடலின் உட்சவ்வு கோடிக்கணக்கான நுண்குழிகளால் ஆனது. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தண்டுச் செல்கள். எஃப்.ஏ.பி. குடலில், பாலிப்பே தெரியாத பகுதியை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே ஒரு குழி மட்டும் உருமாறி நிற்பதைக் காணலாம். கருக்கள் நீண்டு, நெருங்கி, நிறம் கறுத்திருக்கும். ஒற்றைக்குழி அடினோமா என்று பெயர். ஆயிரம் பாலிப்புகளின் கருவடிவம் அது. அந்த நோயின் உறுதியான அடையாளங்களில் ஒன்று.

லிஞ்ச் குடலில் இதற்கு இணை எதுவும் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2012-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் லிஞ்ச் நோயாளிகளின் சாதாரணக் குடற்சவ்வை எடுத்து, பிழைதிருத்தும் புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாக் குழிகளும் பழுப்பேறின. இடையிடையே ஒரு குழி மட்டும் வெளிறி நின்றது. அதன் வடிவில் குறை இல்லை, கருக்கள் ஒழுங்கு, அடுக்கு ஒழுங்கு. புரதம் மட்டும் இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் இத்தகைய குழிகள் இருந்தன. முழுக் குடலுக்குக் கணக்கிட்டால் ஆயிரத்தையும் எட்டலாம்.

ஆக லிஞ்ச் குடலிலும் ஆயிரம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம். எண்ணிக்கை ஒரு நோய்க்கும் வேகம் மற்ற நோய்க்கும் என்று பங்கிட்ட பழைய கணக்கு இங்கே தடுமாறுகிறது. இரண்டிலுமே பிறவிக் குறை எண்ணற்ற குழிகளில் இரண்டாம் அடியை வாங்கிவிடுகிறது. எஃப்.ஏ.பி.யில் அந்த அடி விழுந்த கணமே குழி வளரத் தொடங்குகிறது, பாலிப்பாகித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. லிஞ்சில் அடி விழுந்த பின்னும் குழி அடக்கமாகவே இருக்கிறது. அதற்கு வளரும் உரிமம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த உரிமம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், பெரும்பாலும் அதே ஏ.பி.சி.யின் உடைவிலிருந்தோ, அதன் மறுமுனையான பீட்டா-கட்டெனின் மரபணுவின் பிறழ்விலிருந்தோதான். பின்னது எம்.எல்.எச்.1 கெட்ட குடும்பங்களின் கட்டிகளில் குறிப்பாக மிகுதி.

எனவே இரண்டு நோயும் இறுதியில் ஒரே வாசலைத்தான் உடைக்கின்றன என்று நான் கருதுகிறேன். வேறுபடுவது வரிசை. எஃப்.ஏ.பி.யில் வாசல் முதலில், மரபுக் குலைவு பிறகு. லிஞ்சில் குலைவு முதலில், வாசல் பிறகு. எல்லா லிஞ்ச் கட்டிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. முதலில் சாதாரணப் பாலிப்பாகத் தோன்றி, பிறகு பிழைதிருத்தத்தை இழந்த கட்டிகளும் உண்டு. அவற்றின் ஏ.பி.சி. பிறழ்வில் வழுக்கல் முத்திரை இல்லாததே அடையாளம். ஆனால் அமைதியான குழியில் தொடங்கி, கண்ணில் படும்படி பாலிப்பாக நிற்காமலே சவ்வைத் துளைத்து இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது என்பதை இனி மறுப்பது கடினம்.

மருத்துவமனைப் பதிவுகள் இதற்கு ஒத்துப்போகின்றன. ஜெர்மனியில் லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை, செய்துவந்தார்கள். நெதர்லாந்தில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. ஃபின்லாந்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மூன்று நாட்டுக் கணக்குகளையும் 2018-இல் சேர்த்துப் பார்த்தபோது, அடிக்கடி பார்த்த நாட்டில் புற்று குறைவாக வரவில்லை. பாலிப்பை வெட்டிவிட்டால் புற்று வராது என்பது மட்டுமே உண்மையாக இருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. கொலோனோஸ்கோபி வீண் என்பது இதன் பொருளன்று. அது புற்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்து உயிரைக் காக்கிறது. எஃப்.ஏ.பி.யில் அதே குழாயின் பணி வேறு: பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்கி, எப்போது குடலை எடுப்பது என்று முடிவுசெய்ய உதவுவது.

மாத்திரைகளின் கதை இன்னும் துல்லியமான தலைகீழ். எஃப்.ஏ.பி. நோயாளிகளுக்கு அழற்சி எதிர்ப்பு மருந்தான செலிகாக்ஸிப் ஆறு மாதம் கொடுத்த ஆய்வு 2000-இல் வந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களின் பாலிப் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. ஆனால் அது புற்றைத் தடுக்கிறது என்பது நிறுவப்படவில்லை. லிஞ்ச் நோயில் ஜான் பர்ன் தலைமையில் 861 பேருக்கு நடந்த ஆய்வில் ஆஸ்பிரின் நாளுக்கு 600 மில்லிகிராம். 2008-இல் முதல் முடிவு: பாலிப் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. ஏமாற்றமாகத் தோன்றிய அந்த ஆய்வைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள். பத்தாண்டுக் கண்காணிப்பு 2020-இல் வெளிவந்தபோது, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பெருங்குடல் புற்று வந்திருந்தது. ஒரு நோயில் பாலிப் குறைந்தது, புற்றைப் பற்றி உறுதியில்லை. மற்றதில் பாலிப் குறையவில்லை, புற்று குறைந்தது. வரிசைதான் வேறுபாடு என்று எண்ணிப் பார்ப்பவருக்கு இது அவ்வளவு புதிராகத் தோன்றாது.

கடைசியாக, அவசரத்தின் விலை. லிஞ்ச் கட்டியின் வழுக்கிய மரபணுக்கள் உடலுக்கு அந்நியமான புரதத் துண்டுகளை உண்டாக்குகின்றன. அதனால்தான் இக்கட்டிகளுக்குள் நிணச்செல்கள் கூட்டமாக நுழைந்திருப்பதை நோயியலாளர்கள் பார்த்துவந்தார்கள். நோய் எதிர்ப்புத் தடையை நீக்கும் மருந்துகளின் தொடக்கச் சோதனைகளில் 33 பெருங்குடல் நோயாளிகளில் ஒரே ஒருவர் பலன் பெற்றிருந்தார். அவருடைய கட்டி பிழைதிருத்தம் இழந்தது என்று தெரிந்ததும் பால்டிமோரில் தனிச் சோதனை தொடங்கியது. 2015-இல் வெளியான முடிவில், பிழைதிருத்தம் இழந்த பெருங்குடல் கட்டிகள் பத்தில் நான்கு சுருங்கின. இழக்காதவை 18-இல் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. சராசரிப் பிறழ்வு எண்ணிக்கை முன்னதில் 1,782, பின்னதில் 73. நியூயார்க்கில் 2022-இல், பிழைதிருத்தம் இழந்த மலக்குடல் புற்றுடன் டோஸ்டார்லிமாப் மருந்து ஆறு மாதம் பெற்று முடித்த 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்தது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ எதுவும் தேவைப்படவில்லை. விரைந்து முன்னேறிய கட்டி அந்த விரைவாலேயே பிடிபட்டது.

எஃப்.ஏ.பி. வழியில் வரும் கட்டிக்கு அந்தக் காட்டிக்கொடுக்கும் குணம் இல்லை. குறைந்த பிழைகளோடு பொறுமையாக நகர்வதால் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் அது படுவதில்லை. அந்த 18 பேரின் வரிசையில்தான் இதுவும் நிற்கிறது. ஒரே இடங்களில் வழுக்கும் லிஞ்ச் கட்டிகளுக்கு, அந்தப் பொதுவான புரதத் துண்டுகளைக் கொண்டே ஹைடெல்பெர்க்கில் தடுப்பூசி செய்து மனிதரில் சோதித்திருக்கிறார்கள். ஏ.பி.சி.யின் வாசலை மருந்தால் மூடுவதோ அதைவிடக் கடினம்: பீட்டா-கட்டெனின் கட்டளை நின்றால் நலமான நுண்குழிகளின் தண்டுச் செல்களும் சாகும், நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய குடற்சவ்வே உதிர்ந்துவிடும். இன்று லிஞ்ச் குடும்பத்து இளைஞருக்கு இருபத்தைந்து வயதுக்குள் முதல் கொலோனோஸ்கோபி, அதன்பின் ஆஸ்பிரின் பற்றிய பேச்சு. எஃப்.ஏ.பி. குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வயதுக்குள் பெரும்பாலும் பெருங்குடலை எடுக்கும் அறுவையே முடிந்திருக்கும்.